பதினொரு விளக்குகளும் ஒரு சும்மாடும்

பெட்ரோமாக்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது கவுண்டமணியும் செந்திலும்தான். 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில், இது எப்படி எரியும் என்று கேட்டுக்கொண்டே செந்தில் மேண்டிலைப் பொடியாக்கிவிடுவார். நாற்பது வருஷமாகச் சிரிக்கிறோம். ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. எரிந்து முடிந்த சாம்பல் எப்படி வெளிச்சம் தரும்?

ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885இல் காப்புரிமை வாங்கிய சங்கதி அது. உலோக உப்புகளில் ஊறவைத்த துணியைக் கொளுத்தினால் துணி போய்விடும், ஆக்சைடு வலை மட்டும் மிஞ்சும். சூடேறினால் அது வெள்ளை வெளேரென்று ஒளிரும். அதை அழுத்தமேற்றிய மண்ணெண்ணெயோடு சேர்த்து பெர்லினின் எஹ்ரிஷ் அண்ட் கிரேட்ஸ் நிறுவனம் 1910 வாக்கில் கொண்டுவந்ததுதான் பெட்ரோமாக்ஸ். பெயரில் இருக்கும் மாக்ஸ், அந்த நிறுவனத்தின் மாக்ஸ் கிரேட்ஸ்.

பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் ஆறு பேருக்கும் எனக்கும் பழைய கேம்பிங் விளக்குகள் சேர்க்கிற கிறுக்கு உண்டு. பெட்ரோமாக்ஸ் வகையில் ஏழு, அமெரிக்கக் கோல்மேன் மூன்று, ஸ்வீடனின் ஆப்டிமஸ் ஒன்று. பதினொன்றையும் ஒரே ராத்திரியில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு நண்பரின் நிலத்தில் போன தை மாதம் ஏற்றினோம். மாந்தோப்பில் சருகு கிடக்கும் என்பதால், கேழ்வரகு அறுத்துக் காலியாக இருந்த காட்டைத் தேர்ந்தெடுத்தோம்.

ஒரு விளக்கை ஏற்றுவது வேறு, பதினொன்றை ஏற்றுவது வேறு. ஒரு சர்வர் விழும்போது பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு விழுகிற கதைதான் இங்கேயும். ஒரு விளக்கு சீறினால் அந்தத் தீ அடுத்த விளக்கின் டேங்க்கைச் சூடாக்கும். அதனால் ஒவ்வொன்றும் தனித்தனி ஸ்டூலில், நடுவே மூன்று எட்டு இடைவெளியோடு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஏற்றப்படும். ஏற்றுபவருக்குப் பக்கத்தில் சும்மா நிற்க ஒருவர், அவர் கையில் மணல் வாளி. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். பவுடர் எக்ஸ்டிங்விஷர் இரண்டும் இருந்தன.

எரிபொருளில்தான் அதிக கவனம். மண்ணெண்ணெய் ஆவி பற்றிக்கொள்ள 38 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். எங்கள் கோல்மேன்கள் குடிக்கிற நாப்தாவுக்குப் பூஜ்யத்துக்குக் கீழேயே போதும். கேன் மாறிப்போய் நாப்தா பெட்ரோமாக்ஸுக்குள் போனால் விபரீதம். ஆகவே கேன்கள் காட்டின் எதிரெதிர் மூலையில். எரியும்போது மிரண்டால் செய்ய வேண்டியதும் ஒன்றல்ல. பெட்ரோமாக்ஸில் காற்றுத் திருகைத் தளர்த்தினால் அழுத்தம் இறங்கித் தீ அடங்கும். கோல்மேனில் மூடியைத் தொடவே கூடாது, வால்வை மூட வேண்டும். பழைய மேண்டில்களில் தோரியம் உண்டு, லேசான கதிரியக்கம் கொண்டது. உடைந்த சாம்பலை ஊதக் கூடாது, ஈரத்துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்குப் பயந்து கூடாரத்துக்குள் எந்த விளக்கும் போகாது.

இந்தப் பட்டியலை ஒரு பெரியவரிடம் வாசித்துக் காட்டினோம். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கும் கூத்துக்கும் ஒரு காலத்தில் லைட் வாடகைக்கு விட்டவர், மனைவியோடு வந்திருந்தார். கடைசிவரை கேட்டார். "எல்லாம் சரிதான் தம்பி. தூக்கறவங்களுக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

"யாரும் தூக்கப் போறதில்லைங்க ஐயா. எல்லாம் ஸ்டூல் மேலதான்."

பாட்டி சிரித்தார். "நான் தூக்கியிருக்கேன். சும்மாடு கட்டி அதும்மேல வெச்சுக்கணும். தலைய ஆட்டக் கூடாது. காத்தடிச்சி பக்குபக்குனு எரியும். எறக்குன்னு யார் சொல்லுவா? மாப்ள ஊர்வலம் நிக்குமா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாட்டியே தொடர்ந்தார். "வெளிச்சமெல்லாம் முன்னாடி போறவங்களுக்கு. நமக்கு நெழலுதான்."

இது வருத்தத்தில் சொன்ன உவமை அல்ல, விளக்கின் அமைப்பே அப்படி. மேண்டில் மேலே, டேங்க் கீழே. டேங்க்கின் நிழல் நேராக விளக்குக்கு அடியில் விழும். ஒரு லிட்டர் அளவுக்கு அழுத்தமேறிய எண்ணெய், அதற்கு மேல் தீ, அதற்குக் கீழ் ஒரு பெண்ணின் தலைமுடி. இவற்றுக்கு நடுவே பாதுகாப்பு என்று இருந்தது ஒரு சுருட்டின துணி. எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் ஒரு ஊர்வலப் படம் உண்டு. ஓரத்தில் பெட்ரோமாக்ஸ் ஜொலிக்கும். அதைப் பிடித்திருக்கும் கையோடு படம் வெட்டுப்பட்டிருக்கும். பழைய வெளிச்சத்தின்மேல் எனக்கு இருக்கும் மயக்கம் அந்த வெட்டுக்கு இந்தப் பக்கம் நின்று வந்தது. அந்தப் பக்கம் நின்றவர் காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

அலுவலகத்தில் நாங்கள் எழுதுகிற பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் பொருளைப் பற்றியவை. எதை எங்கே வைக்கணும், எதை எப்போ மூடணும். நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதை யாரும் எழுதுவதில்லை. ஏனென்றால் அது தொழில்நுட்பக் கேள்வி அல்ல. ஆபத்துக்கு மிக அருகில் நிற்பவர் பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலேயே குரல் குறைந்தவர். தீக்கு ஆறடி தள்ளி நிற்பவருக்கு விளக்கு அழகாகத் தெரியும், விழா நிற்கக் கூடாது என்றும் தோன்றும்.

பட்டியலில் ஒரு வரி சேர்த்தோம். விளக்குக்கு மிக அருகில் இருப்பவர் "எறக்கு" என்றால் எல்லாரும் நிறுத்த வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

அன்றைக்கு அது தேவைப்பட்டது. ஆறாவது விளக்கு ஏறியதும் மேற்கிலிருந்து காற்று திரும்பியது. வாளியோடு நின்றவள் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்தவள், வயது இருபத்திரண்டு. மெதுவாகத்தான் சொன்னாள், "எறக்கு." கேமராவோடு நின்றவர்களுக்கு வானத்தில் மிச்சமிருந்த நீலம் போய்விடுமே என்று பதைப்பு. ஆனாலும் கையில் தீக்குச்சி வைத்திருந்தவர் அதை ஊதி அணைத்தார். இருபது நிமிஷம் காத்திருந்தோம். தார்ப்பாய் கட்டி மறைத்த பிறகு அவளே சரி என்றாள்.

பதினொன்றும் எரிந்தபோது முழு இருட்டு. நீலம் இல்லாத படங்கள்தான் கிடைத்தன. பாட்டிக்குக் காற்றுக்கு மேல்புறமாக ஒரு நாற்காலி போட்டிருந்தோம். அவர் விளக்குகளை அதிகம் பார்க்கவில்லை. வாளியோடு நின்ற பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த ஊர், சாப்பிட்டாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.