நாற்பது மீட்டர் ஓட்டத்துக்கான எஞ்சின்

நின்ற இடத்திலிருந்து புறப்படும் இரண்டு வண்டிகளில் எது கால் மைல் தூரத்தை நேர்கோட்டில் முதலில் கடக்கிறது என்று பார்க்கும் டிராக் பந்தயம், 1951-இல் வாலி பார்க்ஸ் நிறுவிய தேசிய ஹாட் ராட் சங்கத்தின் கீழ் அமெரிக்காவில் முறையான விளையாட்டாக வளர்ந்தது. அதன் சிற்றுருவமான ரிமோட் கார் டிராக் பந்தயத்தில், வண்டி பத்தில் ஒரு பங்கு என்பதால் ஓடுதளமும் அவ்வாறே சுருங்கி, 1,320 அடி 132 அடியாகிறது. அதாவது நாற்பது மீட்டருக்குச் சற்றே கூடுதல். முழு அளவிலான முதல்தர நைட்ரோ கார்களுக்குப் பாதுகாப்பு கருதி 2008 முதல் 1,000 அடியோடு ஓட்டம் முடிந்துவிடுவதால், நைட்ரோ எரிபொருளில் கால் மைல் கணக்கை விடாமல் காப்பவற்றுள் இந்தச் சிறிய கார்களும் அடங்கும் என்பது ஒரு வேடிக்கை. இவற்றிலும் பெரும்பாலானவை இன்று லித்தியம் பேட்டரியில் ஓடுகின்றன. எஞ்சினை விடாமல் பிடித்துக்கொண்டிருப்போர் சிறுபான்மையினரே. ஆனால் கைத்திறன் என்ற நோக்கில் ஆராயத் தக்கது அவர்களுடைய வேலைதான்.

அவ்வேலை நடக்கும் இடம் பெரும்பாலும் விடுமுறை நாளில் காலியாகக் கிடக்கும் ஒரு கார் நிறுத்துமிடம். மடக்கு மேசையின் மேல் எரிபொருள் குப்பி, பிளக்கைச் சூடேற்றும் சிறு பேட்டரிப் பிடி, ஃப்ளைவீலைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பெட்டி, வெப்பமானி, எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவை இருக்கும். வழக்கமாக இருவர் சேர்ந்தே இயங்குகின்றனர்: ஒருவர் ரிமோட்டைப் பிடித்து நிற்க, மற்றவர் வண்டியருகே குந்தி உட்கார்ந்து திருகைத் திருப்புகிறார். எஞ்சின் இரைச்சலில் பேச்சு எடுபடாததால், திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா என்பதெல்லாம் விரலசைவிலேயே பேசி முடிக்கப்படுகிறது.

எரிபொருள் மூன்று பொருள்களின் கலவை: மெத்தனால், நைட்ரோமீத்தேன், மசகெண்ணெய். இவை டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களாதலால் தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. எரிபொருளோடு வரும் எண்ணெயே உள்ளுறுப்புகள் தேயாமல் காக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு ஏறத்தாழ 6.4 கிலோவும், தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருக்கும் நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோவும் போதும். எடைக்கு எடை நைட்ரோமீத்தேனின் வெப்ப ஆற்றல் பெட்ரோலினுடையதில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே என்றாலும், உள்ளிழுத்த அதே அளவு காற்றில் பல மடங்கு எரிபொருளை எரிக்க முடிவதால் கிடைக்கும் விசை இரட்டிப்பையும் தாண்டுகிறது.

இந்த எஞ்சினில் தீப்பொறி என்பதே இல்லை. கிளோ பிளக் எனப்படும் பிளக்கின் நுனியிலுள்ள பிளாட்டினக் கலப்புக் கம்பிச்சுருள், தொடக்கத்தில் ஒன்றரை வோல்ட் அளவிலான மின்சாரத்தால் சிவக்கக் காய்ச்சப்படுகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்சாரம் அகற்றப்பட, மெத்தனால் ஆவி பிளாட்டினத்தோடு புரியும் வினையும் எரிதலின் வெப்பமும் அச்சுருளைத் தொடர்ந்து கனலச் செய்கின்றன. ஆகவே கலவை எந்தக் கணத்தில் தீப்பற்றும் என்பதை நேரடியாக அமைக்கும் கருவி எதுவும் இல்லை. பிளக்கின் வெப்பத் தரம், சிலிண்டர் தலைக்கு அடியில் செருகப்படும் ஷிம் என்னும் மெல்லிய வளையத்தால் மாறும் அழுத்தம், நைட்ரோவின் விகிதம், காற்றும் எரிபொருளும் கலக்கும் அளவு ஆகிய நான்கும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் அசையும்.

கலவையின் அளவைக் கட்டுப்படுத்துபவை கார்புரேட்டரிலுள்ள இரண்டு ஊசித் திருகுகள்: ஒன்று முழு வேகத்துக்கு உரியது, மற்றது தாழ்வேகத்துக்கு உரியது. வலப்புறம் திருகினால் எரிபொருள் குறைந்து கலவை 'லீன்' ஆகும். இடப்புறம் திருகினால் கூடி 'ரிச்' ஆகும். வட்டப் பாதையில் ஓடும் கார்களுக்கு இதில் வகுக்கப்பட்ட நடைமுறை உண்டு: சில நிமிடங்கள் ஓட்டி, பிளக்கை ஒட்டிய பகுதியின் வெப்பத்தை அளந்து, 105 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரையில் நிற்குமாறு முழுவேகத் திருகைச் சரிசெய்வர். டிராக் காரில் இந்த நடைமுறை பயன்படுவதில்லை. ஓட்டமே இரண்டு, மூன்று நொடிகளில் முடிகிறது. நிமிடத்துக்கு 30,000 சுற்று என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு நொடிக்குள் எஞ்சின் ஆயிரம் சுற்றுகளையே முடித்திருக்கும். எரிப்பறைக்குள் பிறந்த வெப்பம் அலுமினியத் தலையின் வெளிப்புறத்துக்கு முழுதாக வந்து சேர்வதற்கு முன்பே வண்டி நின்றுவிடுவதால், வெப்பமானி காட்டும் எண் ஆறுதல் தருமே தவிர உண்மையைச் சொல்லாது.

எனவே திறமையானவர்கள் வேறு சாட்சிகளை நாடுகின்றனர். அவற்றுள் முதன்மையானது பிளக். ஓட்டம் முடிந்தவுடன் அதைக் கழற்றி, கம்பிச்சுருள் ஈரமாகப் பளபளத்தால் கலவை ரிச் என்றும், மங்கிச் சாம்பல் படர்ந்திருந்தால் எல்லையை நெருங்கிவிட்டது என்றும், சுருள் கோணியோ அறுந்தோ இருந்தால் எல்லை கடந்துவிட்டது என்றும் அறிகின்றனர். அடுத்தது புகை, வெண்ணீலப் புகைத்தாரை தளத்தின் கடைசி வரை அறாமல் தொடர வேண்டும், நடுவில் மறைந்தால் எண்ணெய் உட்பட எல்லாமே குறைந்துவிட்டது என்று பொருள். தாழ்வேகத் திருகுக்கோ குழாயை நசுக்கிப் பார்க்கும் சோதனை உண்டு: எஞ்சின் சும்மா ஓடும்போது கார்புரேட்டருக்குச் செல்லும் எரிபொருள் குழாயை விரலால் அழுத்தி அடைத்தால், ஒலி சற்றே ஏறி மூன்று நொடி அளவில் எஞ்சின் அணைவது சரியான நிலை, சட்டென அணைந்தால் லீன், நீண்ட நேரம் இழுத்தால் ரிச். திருகைத் திருப்பும் அளவு ஒவ்வொரு முறையும் கடிகார முகப்பில் ஒரு மணித் தொலைவுக்கு, அதாவது பன்னிரண்டில் ஒரு சுற்றுக்கு மேல் போவதில்லை.

பார்வையாளருக்கு இப்பந்தயம் முழுவேகத்தின் போட்டியாகத் தோன்றினாலும், அது பெரும்பாலும் வண்டி அசைவதற்கு முன்பே தீர்மானிக்கப்படுகிறது. 1963-இல் முழு அளவுப் பந்தயங்களில் அறிமுகமான 'கிறிஸ்துமஸ் மரம்' என்னும் விளக்குத் தூணின் மாதிரி ஒன்று இங்கும் நிறுவப்படுகிறது. தொழில்முறைத் தொடக்கத்தில் மூன்று மஞ்சள் விளக்குகளும் ஒருசேர எரிந்து 0.4 நொடி கழித்துப் பச்சை வரும். எதிராளி கோட்டுக்கு வந்து சேரும் வரை எஞ்சின் தாழ்வேகத்தில் காத்திருக்க நேர்வதால், எரியாத எரிபொருள் கிராங்க் அறையில் தேங்கி, பச்சை விழுந்த கணத்தில் எஞ்சின் திணறுகிறது. அதை வெளியேற்றச் சற்றே முடுக்கினாலோ, சுழல்விசையால் விரிந்து பற்றும் கிளட்ச் கட்டைகள் வண்டியை முன்னே தள்ளிவிடும். ஆகவே ஓட்டுபவர் பிரேக்கை இறுக்கிக்கொண்டே முடுக்க வேண்டியிருக்கிறது. கிளட்ச் ஸ்பிரிங் மென்மையானால் எஞ்சின் தன் விசை எல்லையை எட்டுமுன் பற்றி இழுபடும். கடினமானால் சக்கரம் வழுக்கும். தாழ்வேகத் திருகையும் கிளட்ச் ஸ்பிரிங்கையும் ஒன்றுக்கொன்று இணங்க வைப்பதே இக்கைவேலையின் நெஞ்சுப் பகுதி. முழுவேகத் திருகை மட்டும் நம்புபவர்கள் ஓசையில் வென்று ஓட்டத்தில் தோற்கின்றனர்.

பிஸ்டன் ஏறும் சிலிண்டர் உறை மேல்நோக்கிச் சற்றுக் குறுகலாகக் கடையப்பட்டது. சூடாகும்போதே அது விரிந்து சரியான இடைவெளி கொள்கிறது. தானாகச் சூடேற நேரம் இல்லாத டிராக் எஞ்சினை வெப்பக் காற்றூதியால் முன்கூட்டியே காய்ச்சுவது அதனால்தான். நாள் முடிவில் தொட்டியைக் காலிசெய்து, மிச்ச எரிபொருள் எரிந்து தீரும்வரை ஓட்டிவிட்டு, பாதுகாப்பு எண்ணெய் விட்டுச் சுழற்றி வைக்கின்றனர். மெத்தனால் ஈரத்தை ஈர்ப்பது, நைட்ரோ எரிந்த எச்சம் அமிலத்தன்மை கொண்டது, இரண்டும் சேர்ந்தால் பேரிங் துருப்பிடித்துவிடும்.

நோட்டுப் புத்தகத்தில் திருகின் நிலையோடு காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் கடல்மட்ட உயரமும் குறிக்கப்படுவது வெறும் பழக்கமன்று. காலையின் குளிர்ந்த, அடர்ந்த காற்றில் சரியாக இருந்த திருகு, காற்று தளரும் பிற்பகலில் ரிச் ஆகிவிடும். எரிபொருளே மாறும் இடங்களும் உள்ளன: ஐரோப்பிய ஒன்றியத்தில் வெடிபொருள் மூலப்பொருள்களுக்கான விதி 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், எடையில் 16 விழுக்காட்டுக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவை பொதுமக்களுக்குக் கட்டுப்படுத்தப்பட்டது. 20, 30 விழுக்காட்டுக் கலவைக்கென எழுதப்பட்ட அமெரிக்கக் குறிப்புகளை அங்கே அப்படியே பின்பற்ற முடியாது. ஷிம் ஒன்றைக் கழற்றி அழுத்தத்தைக் கூட்டி, சூடான தரப் பிளக்கை மாட்டி, திருகை உள்ளே செலுத்தி, முதல் ஓட்டத்திலிருந்து மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது.