மாதிரிக் கையெழுத்து

கௌண்டரில் காசோலை வந்தால், அதன் கையெழுத்து மாதிரிக் கையெழுத்தைப் போல இருக்கிறதா என்று பார்க்கிறேன். மாதிரி, காசோலையைப் போல இருக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. பெரும்பாலும் இரண்டையும் போட்டது ஒரே கைதான்; ஆனால் ஒன்று நீதிபதி, மற்றது பிரதிவாதி.

ஆமோஸ் ட்வெர்ஸ்கி 1977இல் இதைத்தான் சொன்னார். வட கொரியா சீனாவைப் போல என்பவர்கள், சீனா வட கொரியாவைப் போல என்பதை அதே அளவுக்கு ஒப்புவதில்லை. ஆனால் 1960களில் ஷெப்பர்டும் க்ருஸ்கலும் வகுத்த முறைகள் ஒப்புமையைத் தூரமாக்கி வரைபடத்தில் வைக்கின்றன. தூரத்துக்குப் போக்கும் வரவும் ஒன்றே. 1957இல் ராத்கோப் 36 மோர்ஸ் ஒலிகளை இரண்டிரண்டாகக் கேட்க வைத்தார். முன்பின் மாறியபோது குழப்பத்தின் அளவும் மாறியது. இப்படிப்பட்டவற்றைச் சராசரியாக்கிவிடுவது வழக்கம். ஒரு திசையில் 40, மறுதிசையில் 10 என்றால் 25. மிஞ்சும் கூட்டல் 15, கழித்தல் 15 இரண்டையும் எறியாமல் தனியே வரையலாம் என்று கோவர் 1977இல் காட்டினார்.

நான் செய்தது சராசரியைவிட மோசம். நண்பனின் முதல் தொகுப்புக்கு எழுதிய மதிப்புரையில், எலியட்டைப் போல என்றேன். பாராட்டு என்றே நம்பினேன். அவன் ஒன்றுதான் கேட்டான்: 'எலியட் எந்த இடத்தில் என்னைப் போல இருக்கிறார்?'

பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் கவிதை எழுதவுமில்லை. அந்த மதிப்புரையைச் சென்ற வாரம் எடுத்துப் படித்தேன். அவனுடைய வரி ஒன்றுகூட அதில் இல்லை.