சுராங்கனியின் மீன்

பொப்பிசைச் சக்கரவர்த்தி என ஈழத்து மக்கள் போற்றிய ஏ. ஈ. மனோகரன் 2018 சனவரியில் சென்னையில் மறைந்தார். அவருடைய புகழ்பெற்ற பாடல்களின் தொகுப்போ எமது கல்முனைக் கடைத்தெருவில் இன்றும் ஒலிக்கிறது.

பண்டிதர் சிலர் இதனைப் பாமரர் கூத்தென்று ஒதுக்குவர். இவ்விசையின் பிறப்பை ஆராய்வோமாயின் ஒரு வரலாறே எழுந்து நிற்கும். போர்த்துக்கேயர் இத்தீவுக்கு வந்தபோது ஆபிரிக்க மக்களையும் அடிமைகளாகக் கொணர்ந்தனர். ஆண்டவர் பாட்டும் அடிமைகள் தாளமும் கலந்ததன் வழியே வளர்ந்தது பைலா. எமக்கு வடக்கே, மட்டக்களப்பில், தச்சும் கொல்லும் தொழிலாகக் கொண்ட பறங்கியர் தம் திருமணங்களில் அம்மரபைக் காத்துவந்தனர். யமைக்காவின் ரெகே இசையைப் படைத்தோரும் அடிமைகளின் வழித்தோன்றல்களே அல்லவா?

மனோகரனின் 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்த பாட்டு. அதன் பொருள் மீன். சாய்ந்தமருதுக் கரையில் வலை இழுப்போருக்கு அதனை விளக்க மொழிபெயர்ப்பாளன் வேண்டுமோ? 1956இன் தனிச்சிங்களச் சட்டம் மொழியை வேலியாக்கிற்று. எழுபதுகளில் இப்பாட்டு அவ்வேலியை எளிதாகத் தாண்டிற்று. எனினும் 1983இன் தீயை அது தடுக்கவில்லை. வேலியைத் தாண்டுவது வேறு, பிடுங்குவது வேறு.

எம் மாணவர் 'சுராங்கனி'யின் சிங்கள அடிகளைப் பிழையின்றிப் பாடுவர். அம்மொழியில் ஒரு கடிதம் எழுத அறியார். சிங்கள மாணவரிற் பெரும்பாலோர்க்குத் தமிழும் அவ்வாறே. தொகுப்பின் அட்டையில் பாடகர் பெயர் உண்டு. தாளம் தந்த அடிமையின் பெயர் இல்லை. அவ்வரலாற்றையும் அயலவன் மொழியையும் வகுப்பறைக்குக் கொண்டுவருவது ஆசிரியராகிய எமது கடன். பாட்டுத் தொடங்கிய வேலையை வேறு யார் முடிப்பர்?