கையுறைக் கணக்கு

வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கும் சகோதரிகளுக்கு ஒரு சமாசாரம். அந்தச் சாமர்த்தியம் ஓர் ஆஸ்பத்திரியை நடத்தவும் உதவுகிறது! என் நாத்தனார் மாட்டு டாக்டர். தாம்பரத்துக்கு அப்பால் சிறு ஆஸ்பத்திரி வைத்திருக்கிறாள். நாயும் பூனையும் வாசலுக்கு வரும். பசுக்களிடம் இவள்தான் போக வேண்டும்.

அவளுடைய செலவுப் புத்தகத்தில் அடிக்கடி தலைகாட்டுவது, ஒரு தடவை மாட்டிக் கழற்றி எறியும் கையுறை. நாளைக்கு இருபது ஜீவன்கள். டாக்டருக்கு ஒரு ஜோடி, பிடித்துக்கொள்ளும் பையனுக்கு ஒரு ஜோடி. ஆக எண்பது உறை. நூறு உறையுள்ள பெட்டி ஒன்றேகால் நாளில் காலி!

"பெட்டி என்ன விலை என்று கேட்கக் கூடாது, அண்ணி. கிழியாத உறை என்ன விலை என்று கேட்க வேண்டும்" என்றாள்.

கணக்கைப் பாருங்கள். 300 ரூபாய்ப் பெட்டியில் உறை ஒன்று 3 ரூபாய். 250 ரூபாய்ப் பெட்டியில் இருபது உறைகள் மாட்டும்போதே கிழிந்தால், மிச்சம் எண்பது. ஒன்று 3 ரூபாய் 12 காசுக்கு மேல் ஆகிறது. மலிவு எங்கே போயிற்று?

ரப்பர் பாலில் செய்த உறை கையோடு ஒட்டி நிற்கும். ஆனால் சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்புக் கிளம்பிவிடும். பவுடர் தடவியது இன்னும் மோசம். அமெரிக்காவில் 2017 முதல் அதற்குத் தடை. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் அந்தத் தொல்லை இல்லை. சுலபத்தில் ஓட்டை விழாது. வினைல் உறை மலிவு, தொளதொள. நாய்க்கூண்டு கழுவ அது போதும். ரத்தம், புண், வாய் என்றால் நைட்ரைல்தான். ஆபரேஷனுக்கென்று காகித உறையில் வரும் சுத்தி செய்த ஜோடியைச் சாதாரணப் பரிசோதனைக்குப் பிரிப்பது, பட்டுப் புடவையால் தரை துடைப்பது மாதிரி!

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்கிறீர்களா? ஒரு நாள் ஒரு பசு, தீனி எடுக்காமல் எச்சில் ஒழுக நின்றது. "தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது, கையை விட்டுப் பாருங்கள், அம்மா" என்றார் மாட்டுக்காரர். தாம் ஏற்கெனவே வெறுங்கையை விட்டுப் பார்த்தாராம். அந்தக் கையில் அரிவாள் கீறல்! பசு கரகரவென்று கத்திய தினுசு நாத்தனாருக்குப் பிடிக்கவில்லை. இரட்டை உறை மாட்டினாள். அப்படியும் வாய்க்குள் கையை விடவில்லை. பல் பட்டால் எந்த உறை தாங்கும்? நாலாம் நாள் பசு செத்தது. மூளையைச் சோதித்ததில் வெறிநோய் என்று ருசுவாயிற்று. இரண்டு மாதத்துக்கு முன் தெருநாய் ஒன்று கடித்தது மாட்டுக்காரருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டோடு பெரியாஸ்பத்திரிக்கு ஓடி ஊசி போட்டுக்கொண்டார்கள். முன்பே தடுப்பூசி போட்டிருந்த நாத்தனாரும் இன்னும் இரண்டு போட்டுக்கொண்டாள்.

அதற்காக உறையைக் கழுவிக் கொடியில் உலர்த்துவதா? பையன் ஒரு நாள் அந்தச் சிக்கனம் செய்தான். படர்தாமரை கண்ட பூனையைத் தொட்ட உறை அது! அன்றைக்கு அவன் வாங்கிய வசவை நான் எழுதினால் ஆசிரியர் அச்சுப் போட மாட்டார். உறையைக் கழற்றிய பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது அவளுடைய இன்னொரு சட்டம். ஆரோக்கியமான நாயைத் தடவிப் பார்க்க மட்டும் உறை வேண்டாம், சோப்பே போதும் என்கிறாள்.

2020-ல் கொரோனா வந்தபோது உறை விலை பல மடங்கு ஏறியது. அது முதல் பக்கத்து ஊர் டாக்டர்கள் இருவரோடு சேர்ந்து மொத்தமாக வாங்குகிறாள். ஆறு மாதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. வெயிலும் சூடும் பட்டால் ரப்பர் பிசுபிசுத்துவிடும் அல்லவா?

போன வாரம் புதுப் பெட்டி வந்தது. பிரித்து எண்ண உட்கார்ந்தாள். தொண்ணூற்றாறு!

"டேய், அந்த டெலிபோனை எடு" என்றாள்.