அப்பாவின் நடை

நடை என்பது ஒருவரது கையெழுத்தைப் போன்றது. முகம் தெரியாத தொலைவிலும் வருபவர் நம்மவர் என்பதை அவரது நடையே சொல்லிவிடும். அப்பா மறைந்தபின் அவருடைய ஒளிப்படங்கள் பல எங்களிடம் எஞ்சியிருந்தன. ஆனால், அவர் நடந்து வரும் காணொலி ஒன்றுகூட இல்லை. அசைவூட்டக் கலையைப் பயின்றுகொண்டிருந்த நான், அந்நடையைக் கணினியில் மீட்டெடுக்க எண்ணினேன்.

திரையில் பொதுவாக ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. கையால் வரைந்த காலத்தில், தலைமைக் கலைஞர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். அவற்றுக்கு இடைப்பட்ட படங்களை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவர். 1937ஆம் ஆண்டில் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ படம் இம்முறையில் உருவானதே. இன்று நிரப்பும் பணியைக் கணினி ஏற்றுக்கொண்டது. கலைஞர் வகுக்கும் முக்கிய நிலைகளைக் ‘கீஃப்ரேம்’ என்பர். தமிழில் முதன்மைச் சட்டகம் எனலாம்.

‘பிளெண்டர்’ என்னும் கட்டற்ற மென்பொருளில் அப்பாவின் உருவத்தை அமைத்தேன். ஓர் அடிக்கு நான்கு நிலைகள்: குதிகால் தரையைத் தொடுதல், உடல் தாழ்தல், ஒரு கால் மற்றொன்றைக் கடத்தல், உடல் உயர்தல். இடக்காலுக்கு அமைத்த நிலைகளை அப்படியே திருப்பி வலக்காலுக்கும் ஒட்டினேன். 24 சட்டகங்களில் இரண்டு அடிகள், அடிக்குப் பன்னிரண்டு. உருவம் நடந்தது. ஆனால், அது யாரோ ஒருவரின் நடை.

பிழை எங்கே எனச் சிந்தித்தேன். இளமையில் ஏற்பட்ட காயத்தால் அப்பாவின் வலது முழங்கால் என்றும் வலித்துக்கொண்டிருந்தது. வலிக்கும் கால் உடலின் எடையை நெடுநேரம் தாங்காது; அது விரைந்து அடுத்த காலிடம் சுமையை ஒப்படைத்துவிடும். நானோ இரு கால்களுக்கும் சமநேரம் பகிர்ந்திருந்தேன். முதன்மைச் சட்டகங்களை நகர்த்தி, நல்ல கால் தாங்கும் அடிக்குப் பதினான்கு, வலிக்கும் கால் தாங்கும் அடிக்குப் பத்து என மாற்றினேன். அந்த நான்கு சட்டக வேறுபாட்டில் அப்பாவின் வலி திரையில் தெரிந்தது. உடன் வாழ்ந்த காலத்தில் அவ்வலியை நான் இவ்வளவு கூர்ந்து பார்த்ததே இல்லை.

அடுத்து, தோளில் சரியும் துண்டை ஏற்றிவிடும் கை. ஒவ்வொரு வீட்டு வாசலையும் நோக்கித் திரும்பும் தலை. இவற்றை நடையோடு கலந்துவிட்டால், ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று குலையும். ஆகவே, நடையை அடித்தளமாக வைத்து, கையசைவையும் தலையசைவையும் தனித்தனி அடுக்குகளாக அதன்மேல் அமைத்தேன். ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு வெளிப்பட வேண்டும் என்பதைக் கூட்டலாம், குறைக்கலாம். தலையசைவு முழு அளவில் இருந்தபோது பொம்மை போலத் தோன்றியது. பாதியாகக் குறைத்ததும் உயிர் வந்தது. ஒரே நொடியில் எல்லா உறுப்புகளும் அசையத் தொடங்குவதும் செயற்கையே. முதலில் கண், சில சட்டகங்கள் கழித்துத் தலை, அதன்பின் தோள் என வரிசைப்படுத்தினேன்.

பணி முடிந்துவிட்டதாகக் கருதி அம்மாவை அழைத்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “உங்கப்பா என்னைக்கு இவ்வளவு வேகமா நடந்தாரு?”

நான் திகைத்தேன். நூல்கள் கற்பித்த 24 சட்டகக் கணக்கை நான் ஐயுறவே இல்லை. அது நலமான ஒருவர் இயல்பாக நடக்கும் வேகம். அப்பாவோடு கடைத்தெருவுக்குச் செல்லும்போதெல்லாம் நான் முன்னே ஓடி, பின் நின்று காத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விகிதம் மாறாமல் 24ஐ 36 ஆக நீட்டினேன்; ஓரடிக்கு இருபத்தொன்று, மற்றோர் அடிக்குப் பதினைந்து.

மீண்டும் ஓடவிட்டேன். அம்மா ஏதும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையின் முன் அமர்ந்தார். அசைவு முடிந்து முடிந்து மீண்டும் தொடங்கிக்கொண்டே இருந்தது. முக்கிய நிலைகளை நாம் வகுக்கலாம். இடைவெளிகளைக் கணினி நிரப்பலாம். எவ்விடைவெளி எவ்வளவு நீளம் என்பதை மட்டும், உடன் நடந்தவர்களே அறிவர்.