சிறு பெட்டியும் பெருஞ் சங்கீதமும்

உலகத்தில் சிறிய உருவம் படைத்தவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவர்கள் எவ்வளவு பெரிய காரியத்தைச் சாதித்தாலும், பார்த்த மாத்திரத்தில் யாரும் நம்புவதில்லை. குறுமுனிவராகிய அகஸ்தியரைத் தமிழுக்கே தந்தை என்று கொண்டாடும் நம்மவர்கள்கூட, ஒலிபெருக்கி என்று வந்துவிட்டால், ஆளுயரம் இருந்தால்தான் அதற்கு மரியாதை செய்கிறார்கள்.

நமது வீட்டுக் கூடத்தில் இரண்டு சிறு மரப்பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 12 அங்குல உயரம், 7½ அங்குல அகலம், ஏறக்குறைய 6½ அங்குல ஆழம். எடை 5 கிலோவுக்குச் சற்று அதிகம். முதல் தடவையாக வருகிறவர்கள் அவற்றைத் தேனீ வளர்க்கும் பெட்டிகள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஓர் உறவினர் அதன் தலையிலேயே மோர்த் தம்ளரை வைத்துவிட்டார். "இது பாடும் பெட்டி" என்று சொன்னால், "இதுவா? மற்றதெல்லாம் எங்கே?" என்று நாலு பக்கமும் தேடுவார்கள். மற்றது ஒன்றும் இல்லை, இவ்வளவுதான்.

மேல்சித்தாமூர் எங்கே இருக்கிறது என்று கேட்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ராஜகிரியில் ஏறி இறங்கி, மூச்சு வாங்கிவிட்டு, நேரே திண்டிவனம் போய் ரயில் ஏறிவிடுகிறார்கள். வழியிலே சற்று விலகினால் நம்முடைய ஊர். தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடமாகிய ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. மல்லிநாதர் கோயிற் பாறையில் பாகுபலியும் பார்சுவநாதரும் புடைப்புச் சிற்பங்களாக ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நிற்கிறார்கள். மயிலாப்பூரிலிருந்த நேமிநாதர் திருவுருவம், கடல் பொங்கும் என்று அஞ்சி இங்கே கொண்டுவரப்பட்டதாக வழிவழியாகச் சொல்வார்கள். அமைதியான ஊர். ஆனால் கல்யாணமோ திருவிழாவோ வந்துவிட்டால், மைக் செட்டுக்காரர் புளியமரத்தின் உச்சியில் குழாயைக் கட்டிவிடுவார். அந்தக் குழாய் நாலு வயல் தாண்டிக் கேட்பதற்காகச் செய்யப்பட்டது. பக்கத்திலிருந்து கேட்பதற்காகச் செய்யப்பட்டதன்று. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000-ஆம் வருஷத்து விதி சொல்கிறது. விதி இருக்கிறது, குழாயும் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஊருக்கு அந்தச் சிறு பெட்டிகள் வந்த கதையைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பி.பி.சி. வானொலிக்காரர்கள் வெளியூர்க் கச்சேரிகளை ஒலிபரப்ப ஒரு வண்டியில் போவார்கள். வண்டிக்குள் பெரிய ஒலிபெருக்கி வைக்க இடமில்லை. காதிலே மாட்டிக்கொள்ளும் கருவி போதவில்லை. ஆகவே, சிறியதாயும் உண்மை பேசுவதாயும் ஒரு பெட்டி வேண்டுமென்று, தங்கள் ஆராய்ச்சிக்கூடத்திலேயே 1970-களின் முற்பகுதியில் ஒன்றைச் செய்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் எல்.எஸ். 3/5ஏ. எல்.எஸ். என்றால் ஒலிபெருக்கி, 3 என்றால் வெளியூர் ஒலிபரப்புக்கு உரியது, 5 என்பது வரிசை எண், ஏ என்பது திருத்திய பதிப்பு. குழந்தைக்குப் பெயர் வைக்கும் விஷயத்தில் இங்கிலீஷ்காரர்கள் சிக்கனமானவர்கள். கீழ் ஸ்தாயிக்கு 5 அங்குல ஊஃபர் ஒன்று, மேல் ஸ்தாயிக்கு முக்கால் அங்குல ட்வீட்டர் ஒன்று. இரண்டும் கெஃப் கம்பெனி செய்தவை. மெல்லிய ஒட்டுப்பலகையால் பெட்டி. பலகை தானும் சேர்ந்து பாடாமலிருக்க உட்புறம் தார் கலந்த பட்டைகள். ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் முதலிய பல கம்பெனிகள் பி.பி.சி.யிடம் அனுமதி பெற்று இதைச் செய்து விற்றன. 1990-களின் கடைசியில் உற்பத்தி நின்றது. பிறகு ஆசைப்பட்டவர்கள் அதிகமாகவே, சில கம்பெனிகள் மறுபடியும் செய்யத் தொடங்கின. இன்று புதிய ஜோடியின் விலை லட்சங்களில் இருக்கிறது.

நமக்கு வந்தது பழைய ஜோடி. லண்டனில் உத்தியோகம் பார்த்த சிற்றப்பா, ஊர் திரும்பியபோது, கம்பளிச் சட்டைகளை அங்கேயே தானம் செய்துவிட்டு, இவற்றை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளாத குறையாக எடுத்துவந்தார். அவர் காலத்துக்குப் பிறகு அவை நம்மிடம் சேர்ந்தன.

பெட்டிகளை எங்கே வைப்பது என்பதே முதல் வாதம். மைத்துனர் அவற்றை அலமாரிக்குள், வெண்கலப் பாத்திரங்களுக்கு நடுவில் வைத்தார். பாடகர் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவது போலிருந்தது. இரண்டடி உயர முக்காலிகள் இரண்டு செய்வித்து, சுவரை விட்டு ஒரு முழத்துக்கு அப்பால் இழுத்துவைத்தோம். நாமும் பெட்டிகளும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாக உட்கார்ந்தோம். அப்போதும் ஒரு குறை: நமது வீட்டுத் தரை சிமெண்டு, சுவர் சுண்ணாம்பு, ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்டது. தரையில் கனத்த ஜமக்காளம் விரித்தோம். பின்சுவர் ஓரமாக, அறுவடையாகி வந்த மணிலாக்கொட்டை மூட்டைகளை அடுக்கினோம். எதிரொலி அடங்கிற்று. பட்டணத்து ஸ்டூடியோக்களில் இதற்கென்று விலையுயர்ந்த பஞ்சணைகள் வைக்கிறார்களாம். மணிலா விலை ஏறி மூட்டைகளை விற்றபோது சங்கீதம் சற்றுக் கெட்டது என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

கேட்ட அனுபவம் எப்படி? பெட்டிகள் பாடுவதாகவே தோன்றுவதில்லை. இதுதான் முதல் ஆச்சரியம். பெட்டிகளுக்கு நடுவே, வெறும் சுவர் இருக்கும் இடத்தில், வித்வான் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இடப்புறம் பிடில், வலப்புறம் மிருதங்கம், பின்னே தம்புரா. பல்லவியை எடுக்குமுன் அவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்கிறது. பி.பி.சி. நிபுணர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளைச் சோதிக்கும்போது, ஸ்டூடியோவில் பேசும் மனிதரின் நேர்க்குரலையும் பெட்டியின் குரலையும் மாற்றி மாற்றிக் கேட்டு ஒப்பிடுவது வழக்கம். அந்தப் பயிற்சியின் பலன் இது. மனிதக் குரலில் இப்பெட்டியை ஏமாற்ற முடியாது. பாடகர் சுருதி விலகினாலும், சாஹித்தியத்தை விழுங்கினாலும், தயவு தாட்சண்யமின்றிச் சொல்லிவிடும். நாம் நெடுங்காலம் வியந்துவந்த ஒரு பாடகரைப் பற்றிய நமது அபிப்பிராயம் ஒரே மாலையில் மாறிவிட்டது. அவர் பெயர் வேண்டாம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். விநாடிக்கு 80 அதிர்வுக்குக் கீழே இந்தப் பெட்டி தளர்ந்துவிடுகிறது. ஒரு கட்டைச் சுருதியில் தம்புராவின் மந்தர ஷட்ஜம் விநாடிக்குச் சுமார் 65 அதிர்வு. கணக்குப் பார்த்தால் அது கேட்கவே கூடாது; ஆனால் கேட்கிறது. இதன் ரகசியம் பாதி தம்புராவிலும் பாதி நமது செவியிலும் இருக்கிறது. ஜீவா பிடித்த தந்தியிலிருந்து மேல் ஸ்வரங்கள் அடுக்கடுக்காகப் பிறக்கின்றன. மேலே உள்ளவை சரியாக வந்தால், அடியில் இருக்கவேண்டியதை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. நல்ல ரஸிகர் முன்னிலையில் வித்வான் பாதிப் பிடி பிடித்தால் போதாதா, அதைப் போலத்தான். ஆனால் தவில் விஷயத்தில் மனமும் கைவிட்டுவிடுகிறது. நாதஸ்வர மேளத்தை இந்தப் பெட்டியில் கேட்பது, யானையை ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல. இரண்டாவது குறை, சோம்பல். மற்றப் பெட்டிகள் ஒரு பங்கு மின்சாரத்தில் செய்யும் சப்தத்துக்கு இது நாலு பங்கு கேட்கிறது. அதிகம் முறுக்கினால் திணறுகிறது. கூடத்தில் பத்துப் பேருக்குச் சரி, பந்தலுக்கு ஆகாது.

இதே போன்ற சிறு பெட்டிகளை வைத்திருக்கும் நண்பர்கள் சிலரையும் விசாரித்தோம். புதுச்சேரியில் ஒரு வைத்தியர், "நோயாளிகளின் நெஞ்சைக் கேட்டுக் கேட்டு அலுத்த காதுக்கு இது மருந்து" என்கிறார், அவருடைய மனைவியாரோ, "மருந்துக்கு இவ்வளவு விலை உண்டா?" என்று கேட்கிறார். திண்டிவனத்தில் வீணை கற்பிக்கும் அம்மாள் ஒருவர், மீட்டுக்கும் மீட்டுக்கும் இடையே விரல் தந்தியில் வழுக்கும் ஓசை கேட்பதால், மாணவிகளுக்குக் கமகத்தை விளக்க எளிதாயிருக்கிறது என்றார். விழுப்புரத்திலுள்ள நம் உறவுக்கார வாலிபர் கல்கத்தாவின் ஸோனோடைன் கம்பெனி செய்த சிறு பெட்டிகளை வைத்திருக்கிறார். 1970-இல் தொடங்கிய அந்தக் கம்பெனி, பெருக்கியைப் பெட்டிக்குள்ளேயே அமைத்து ஸ்டூடியோக்களுக்கு உகந்த ஒலிபெருக்கிகளைச் செய்துவருகிறது. இரண்டையும் நமது கூடத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டோம். மிருதங்கத்தின் தொப்பியில் கல்கத்தா முந்திற்று. பெண் குரலில் லண்டன் முந்திற்று. நம் நாட்டுக் கைகளும் இந்த வித்தையில் சளைத்தவையல்ல என்று கண்டு, மூட்டை மேல் சாய்ந்திருந்த அனைவரும் மகிழ்ந்தோம்.

இவ்வளவும் ரஸிகத்தனம். உண்மையான சோதனை சென்ற வருஷம் வந்தது. பழம்பெட்டிகளைச் சேகரிக்கும் சென்னைக் கனவான் ஒருவர் நல்ல விலை சொல்லி அனுப்பினார். மழைக்கு ஒழுகும் கூடத்து ஓட்டை மாற்ற வேண்டியிருந்தது. பெண்ணின் கல்லூரிச் சம்பளமும் நெருங்கிற்று. "கேட்பதற்கு டெலிபோனே போதாதா? இன்று எல்லாப் பாட்டும் அதிலே இருக்கிறதே" என்று இல்லத்தரசி சொன்னதில் நியாயம் இருந்தது. விற்றுவிடலாம் என்று ஏறக்குறைய முடிவாயிற்று.

பெட்டிகள் போவதற்குமுன் ஒரு காரியம் முடிக்க வேண்டும் என்று நமது பெண் பிடிவாதம் செய்தாள். நமது அத்தை காலஞ்சென்றவர். கோயிலில் பெண்கள் கூடிப் பாடும் ஒரு பழைய பாட்டு அவருக்கு முழுவதும் பாடம். அச்சில் வராத பாட்டு. கூடப் பாடியவர்களின் குடும்பங்கள் சென்னைக்கும் வந்தவாசிக்குமாகப் போய்விட்டன; இன்று ஊரில் அதை முழுதும் அறிந்தவர் இல்லை. 1987-இல் ஒரு சாதாரண டேப் ரிக்கார்டரில் பதிவு செய்த காஸெட் மட்டும் இருந்தது. அதைக் கேட்டுப் பெண் எழுதிவைத்திருந்த ஏட்டில் மூன்று அடிகள் காலியாக இருந்தன. டெலிபோனிலும் டெலிவிஷனிலும் எத்தனையோ தடவை போட்டும் அந்த இடங்களில் இரைச்சலே கேட்டது.

ஒரு மாலை, காஸெட்டைச் சிறு பெட்டிகளில் போட்டோம். நமது தகப்பனாரும் வந்து உட்கார்ந்தார். அவருக்கு வயது 84. முதுமையில் மேல் ஸ்தாயி முதலில் காதை விட்டுப் போகிறது. அதோடு 'க'வும் 'ச'வும் 'த'வும் தேய்ந்து எல்லாச் சொல்லும் ஒன்று போல ஆகிவிடுகின்றன. உரக்க வைத்தாலோ காது வலிக்கிறது. அதனால் பாட்டுக் கேட்பதையே அவர் விட்டிருந்தார். பெட்டிகளை அவர் பக்கமாக நகர்த்தி, மிதமாக வைத்தோம். நாலைந்து அடி போனதும், "கொஞ்சம் நிறுத்து. இப்போ என்ன சொன்னா? தாமரையா?" என்றார். மறுபடி ஓட்டினோம். தாமரைதான். பேத்தி எழுதிக்கொண்டாள். இரண்டாவது காலியிடத்தையும் இருவருமாகப் பிடித்துவிட்டார்கள். தாத்தா சொல்லின் தலையைச் சொன்னார், பேத்தி வாலைச் சொன்னாள்.

மூன்றாவது அடி வந்தது. பதினைந்து தடவை போட்டோம். அந்த இடத்தில் நாடாவே தேய்ந்திருந்தது. அத்தையின் குரல் மங்கி, அதற்குப் பின்னால், முற்றத்திலிருந்து ஒருவர், "பொழுது சாயுதே, சாப்பாடு ஆகலியா?" என்று கேட்பது மட்டும் தெளிவாக வந்தது. இருட்டுமுன் உண்டு முடிக்கும் வீடு நம்முடையது. தகப்பனார் வெகு நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அவசரப்படுத்தினது நான்தான். அக்காவை இன்னும் கொஞ்சம் பாட விட்டிருக்கலாம்" என்றார்.

நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடிய உண்மை இதுவே. எவ்வளவு உயர்ந்த பெட்டியானாலும், பதிவில் இல்லாததை அது தராது. பதிவில் இருப்பதை மறைக்காமல் தருவதற்குத்தான் இத்தனை விலை. ஆகவே, வாங்க நினைப்பவர்கள் கூடத்தின் அளவைப் பாருங்கள்; சிறிய அறையும் குரல் சங்கீதமும் உங்களுக்குப் போதுமானால் சிறிய பெட்டியே போதும். கடையில் தவில் போட்டுக் காட்டினால் மயங்க வேண்டாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் பேச்சைப் பதிவு செய்து எடுத்துப்போய்ப் போடச் சொல்லுங்கள். ஆள் தெரிந்தால் பெட்டி நல்ல பெட்டி. அதைவிட முக்கியமாக, வீட்டில் பாடத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், நாடா தேயுமுன், அவர்கள் குரல் இருக்கும்போதே பதிவு செய்துவிடுங்கள். அதற்குக் காசு வேண்டியதில்லை, டெலிபோன் போதும்.

பெட்டிகளை விற்கவில்லை. ஓட்டை மாற்றக் கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கினோம். சென்னைக் கனவான் விலையை இன்னும் உயர்த்திக் கடிதம் எழுதினார். இல்லத்தரசியே பதில் எழுதிவிட்டார்: ஒரு பாட்டில் இன்னும் ஓர் அடி பாக்கி இருக்கிறதென்றும், வந்தவாசிப் பக்கம் இன்னொரு காஸெட் இருப்பதாகக் கேள்விப்படுகிறோமென்றும், அதைப் போட்டுப் பார்க்காமல் எதுவும் சொல்வதற்கில்லையென்றும்.