பிளஷரும் வில்வண்டியும்

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்து முதியவர்கள் ‘கார்’ என்று சொல்லி நாம் கேட்டதில்லை, ‘பிளஷர்’ என்பார்கள். சரக்கேற்றும் லாரியிலிருந்தும் ஆளேற்றும் பஸ்ஸிலிருந்தும் அதைப் பிரித்துக்காட்ட வந்த ஆங்கிலப் பெயர், கரிசல் வாயில் தேய்ந்து நிலைத்துவிட்டது. உழவுக்கும் சரக்குக்கும் உதவாத வண்டி ஒன்று அவர்களிடம் முன்பே இருந்தது: வில்வண்டி. இரண்டும் ஒரே குலம் என்பது நமது கட்சி.

1920களின் ஐரோப்பியக் கார் ஒன்றைப் படத்திலாவது பாருங்கள். முகப்பில் நிமிர்ந்து நிற்கும் ரேடியேட்டர், இருபுறமும் கிண்ணம்போன்ற விளக்குகள், சக்கரத்தின்மேல் சிறகு வளைத்த மட்கார்டு, மிதித்து ஏற ஒரு பலகை, அடியில் பட்டை வில். சந்தி பிரித்து அச்சிட்ட செய்யுளைப் போல ஒவ்வோர் உறுப்பும் தனித்துத் தெரிகிறது.

இதற்குக் காரணம் தொழில்முறை. உயர்ந்த கம்பெனிகள் பல, அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் மட்டுமே விற்றன. ரோல்ஸ் ராய்ஸ் இரண்டாம் உலகப்போர் வரை அப்படித்தான். மேலுடலைக் கட்டியவர்கள் குதிரைவண்டிப் பரம்பரையினர். ஆஷ் மரத்தால் எலும்புக்கூடு செய்து அதன்மேல் அலுமினியமோ இரும்போ தகடாகப் போர்த்தினார்கள். வேமன் என்பவரின் முறையில் தகடும் இல்லை. மரச்சட்டத்தின்மேல் தோல்போன்ற துணிதான். நம் சென்னையிலும் 1840இல் குதிரைவண்டி கட்டத் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனி பின்னாளில் மோட்டாருக்கும் மேலுடல் கட்டியது. சீமைக் கார் என்று நாம் வியந்தவற்றுள் சிலவற்றின் வளைவுகள் சென்னைத் தச்சர் இழைத்தவை. பித்தளைத் தகட்டில் கம்பெனியின் பெயர் உண்டு. இழைப்புளி பிடித்தவர் பெயரைப் பொறிக்க யாருக்கும் தோன்றவில்லை.

1934இல் சித்ரோவன் கம்பெனியின் டிராக்சியோன் அவான் வந்தது. அதன் உருவத்தை வடித்த பிளாமினியோ பெர்டோனி ஒரு சிற்பி. தனி அடிச்சட்டம் இல்லை, மிதிபலகை இல்லை. உடல் முழுதும் அழுத்தி வார்த்த எஃகு. அதே ஆண்டில் செக் நாட்டின் டாட்ரா 77 காற்றுக்கு வழிவிடும் மீன்வடிவில் வந்தது. இரண்டும் பேரழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அழகில் தச்சனுக்கு வேலையில்லை.

இதை நாம் வெறும் ரசனையாகச் சொல்லவில்லை. நமது வீட்டில் வண்டித் தச்சு மூன்று தலைமுறைத் தொழில். நாட்டுக் கருவேலத்தில் குடம் கடைந்து, ஆர் இறக்கி, வட்டை கோத்து, பழுக்கக் காய்ச்சிய பட்டாவைச் சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார் தாத்தா. டயர் வண்டி வந்த பத்தாண்டுக்குள் பட்டறையில் பசுமாடு கட்டினோம். அப்பா நாற்காலி பழுதுபார்க்கப் போனார். நாம் தமிழ் படிக்கப் போனோம்.

பக்கத்து ஊர்ப் பண்ணையார் வீட்டுக் கொட்டகையில் பழைய ஆஸ்டின் ஒன்று கிடந்தது. 1980களில் அதைப் பிரித்து விற்க உதவிக்கு அப்பாவை அழைத்தார்கள். கதவின் உள்தகடு கழன்றதும் அப்பா வேலையை நிறுத்திவிட்டார். கரையான் அரித்த சட்டத்தின் மூலையை விரலால் தடவி, “நம்ம கழுந்துதான்டா இது. அளவுகூட மாறல” என்றார். வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தார்.

வில் கொல்லரிடம் அரிவாளுக்குப் போயிற்று. தகடு ஆட்டுக்கொட்டகைக் கூரையாயிற்று. விளக்குகள் இரண்டையும் மதுரையிலிருந்து வந்த பழைய சாமான் வியாபாரி வாங்கிச் சென்றார். மரத்துக்கு யாரும் விலை கேட்கவில்லை.